சம்பாதிக்கும் மகன் டிபெண்டன்ட் ஆவானா? 2023 வரிக் கணக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் நடுவில், நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வரி ரிட்டர்ன், அமெரிக்க மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து திரும்பி வந்தது. அப்பாவும் அம்மாவும் கூட்டாகத் தாக்கல் செய்த 2023ஆம் ஆண்டுக் கணக்கு அது. பிள்ளைகள் இருவர்: மகனுக்கு 18 வயது, மகளுக்கு 13. அப்பா தானே மென்பொருளில் நிரப்பி அனுப்பியிருந்தார். மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் (ஆளுக்கு ஒன்றாக அரசு தரும் எண்) ஏற்கெனவே ஒரு ரிட்டர்ன் வந்துவிட்டது, அதில் மகன் யாருடைய டிபெண்டன்டும் (வரிக் கணக்கில் இன்னொருவரைச் சார்ந்தவராகக் காட்டப்படுபவர்) இல்லை என்று இருக்கிறது என்பதுதான் நிராகரிப்பின் சாரம்.

காசு வாங்கிக்கொண்டு வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. அப்பா என்னைக் கூப்பிட்டபோது வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "அண்ணா, பையனோட நம்பரை யாரோ திருடிட்டாங்க. போலீஸ்ல சொல்லணுமா, ஐ.ஆர்.எஸ்.ல சொல்லணுமா?"

நான் கேட்டது ஒன்றுதான்: "பையன் எங்கேயாவது வேலை பார்க்கிறானா?"

பார்க்கிறான். அடுத்த அறையில்தான் இருக்கிறான். பிப்ரவரியிலேயே தன் போனில் ஓர் இலவச ஆப் வழியாகத் தாக்கல் செய்து, ரீஃபண்டும் வாங்கிவிட்டான்.

வரி சீசனில் இந்த மாதிரி அழைப்பு எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்தக் குடும்பத்தின் கணக்கில் வழக்கத்தைவிடச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு அப்படியேதான் இருக்கிறது.

மகன் 2023 ஜூனில் பள்ளிப் படிப்பை முடித்து, செப்டம்பரில் வீட்டுக்கு அருகே உள்ள கம்யூனிட்டி காலேஜில் முழுநேர மாணவனாகச் சேர்ந்தவன். நவம்பரில் 18 முடிந்தது. ஒரு பீட்சா கடையில் வேலை. அந்த ஆண்டு நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.13 டாலர், கோடை முழுக்கவும், பிறகு வார இறுதிகளிலும் உழைத்து 11,400 டாலர் சம்பாதித்திருந்தான். கடை கொடுத்த டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்தில் ஃபெடரல், அதாவது மத்திய அரசு, வரியாகப் பிடித்தது 412 டாலர். அதை திரும்ப வாங்கத்தான் அவசரமாகத் தாக்கல் செய்தான். ஆப் ஒரு கேள்வி கேட்டது: வேறு யாராவது உங்களை டிபெண்டன்டாகக் காட்ட முடியுமா? 'இல்லை' என்று தட்டினான். 412 டாலரும் வங்கிக்கு வந்து சேர்ந்தது.

"நான்தான் சம்பாதிக்கிறேனே அங்கிள். காரும் நானே வாங்கினேன். அப்புறம் எப்படி நான் டிபெண்டன்ட்?" என்றான். பதினெட்டு வயதுப் பையன் கேட்கும் நியாயமான கேள்விதான். அப்பாவும் அதற்குள் பாதி நம்பிவிட்டார். அலுவலக நண்பர் ஒருவர், "4,700 டாலருக்கு மேல சம்பாதிச்சா டிபெண்டன்டா காட்டக் கூடாது" என்று சொல்லியிருந்தாராம்.

அந்த 4,700 என்ற எண் பொய்யில்லை. 2023க்கு அப்படி ஒரு வரம்பு உண்டு. ஆனால் அது இந்தப் பையனுக்கானது அல்ல.

அமெரிக்க வரிச் சட்டத்தில் டிபெண்டன்ட் இரண்டு வகை. ஒன்று 'குவாலிஃபையிங் சைல்ட்', இன்னொன்று 'குவாலிஃபையிங் ரிலேட்டிவ்'. வருமான வரம்பு இரண்டாம் வகைக்கு மட்டும்தான்: உங்களோடு இருக்கும் அம்மா, மாமனார், வேலையில்லாமல் வந்து தங்கியிருக்கும் 26 வயது மகள் போன்றவர்கள். முதல் வகைப் பிள்ளை எவ்வளவு சம்பாதித்தாலும் சம்பாத்தியத்தை வைத்து யாரும் தள்ளிவிட முடியாது. பதினாறு வயதில் விளம்பரத்தில் நடித்து லட்சம் டாலர் வாங்கி, அதை அப்படியே வங்கியில் போட்டுவிட்டு அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையும் டிபெண்டன்ட்தான்.

முதல் வகைக்குச் சட்டம் பார்ப்பவை வேறு. உறவு: மகன், சிக்கலே இல்லை. ஆண்டில் பாதிக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தானா: ஆம். (கல்லூரி விடுதியில் இருந்தாலும் வீட்டில் இருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், தற்காலிகமாக வெளியே இருப்பது கணக்கில் சேராது.) வயது: ஆண்டு முடிவில் 19க்குக் கீழ், அல்லது முழுநேர மாணவனாக இருந்தால் 24க்குக் கீழ். இவனுக்கு 18 என்பதால் மாணவனா இல்லையா என்ற பேச்சே 2023க்குத் தேவையில்லை. கல்யாணம் ஆகிக் கூட்டு ரிட்டர்ன் போடவில்லை. குடியுரிமையோ வதிவுரிமையோ வேண்டும். இவன் இங்கேயே பிறந்தவன். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பலர் கேட்பார்கள். போதுமான நாள் இங்கே வசித்து, வரிக் கணக்கில் வதிவாளர் ஆகிவிட்டால் அவர்களையும் காட்டலாம். ஆனால் ஹெச்-4 பிள்ளைக்கு வேலை செய்யவே அனுமதி கிடையாது என்பதால், சம்பாதிக்கும் டீனேஜ் பிள்ளை என்ற கேள்வி அந்த வீடுகளில் பெரும்பாலும் கிரீன் கார்டு வந்த பிறகுதான் எழும்.

இவை எல்லாம் ஐந்து நிமிட வேலை. மிச்சமிருப்பது ஆதரவுச் சோதனை. இந்த வீட்டில் முழு மாலையும் அதிலேயே போனது.

சோதனை என்ன கேட்கிறது என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பிள்ளை எவ்வளவு சம்பாதித்தான் என்று அது கேட்பதில்லை. பெற்றோர் பாதிக்கு மேல் கொடுத்தார்களா என்றும் கேட்பதில்லை. அது 'ரிலேட்டிவ்' வகைக்கான கேள்வி. கேட்பது இது: அந்த ஆண்டில் பிள்ளைக்காக ஆன மொத்தச் செலவில், பிள்ளை தன் சொந்தப் பணத்திலிருந்து பாதிக்கு மேல் போட்டானா? தாத்தா கொடுத்தது, சித்தப்பா கட்டியது எதுவும் பிள்ளைக்கு எதிராகப் போகாது. பிள்ளை சேமித்து வைத்த பணமும் எந்தப் பக்கத்திலும் வராது. செலவழிந்தால்தான் அது ஆதரவு. வங்கியிலோ ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கிலோ கிடந்தால் வெறும் பணம்.

ஐ.ஆர்.எஸ்.ஸின் பப்ளிகேஷன் 501 என்ற வழிகாட்டியில் இதற்கென்றே ஒரு பணித்தாள் இருக்கிறது. அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். அம்மா கேட்டார்: "நாங்க சோறு போடுறதெல்லாம் கணக்குல வருமா?" சோறுதான் முதலில் வரும். வீட்டு வாடகை, மளிகை, மின்சாரம், தண்ணீர், ஹீட்டிங் எல்லாவற்றையும் கூட்டி, வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். சொந்த வீடாக இருந்தால் கடன் தவணையையோ சொத்து வரியையோ எழுதக் கூடாது. அந்த வீட்டுக்கு வெளியில் என்ன வாடகை கிடைக்குமோ அதை எழுத வேண்டும். இவர்கள் இருப்பது வாடகை அபார்ட்மென்ட். மாதம் 2,400 வீதம் ஆண்டுக்கு 28,800. மளிகையும் காய்கறியும் 12,000. மின்சாரம் முதலியவை 3,600. மொத்தம் 44,400, நான்கு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 11,100 டாலர்.

மகன் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் சும்மா இருப்பதற்கே 11,100 ஆகிறது என்று யாரும் அவனிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை போலும்.

அப்புறம் அவனுக்கென்று தனியாக ஆன செலவுகள். துணிமணி 700. கல்லூரிக் கட்டணம் 2,600, பாடப்புத்தகங்கள் 600. மருத்துவமும் பல் மருத்துவமும் 1,300. போக்குவரத்து, போன், வெளிச்சாப்பாடு, கார் காப்பீடு எல்லாம் சேர்த்து 2,900. இந்தப் பட்டியல் 8,100. உதவித்தொகை எதுவும் அவனுக்கு இல்லை. இருந்திருந்தாலும் மாணவப் பிள்ளையின் ஆதரவுக் கணக்கில் உதவித்தொகையைச் சேர்க்கவே வேண்டாம். மாறாக, பிள்ளை தன் பெயரில் கல்விக் கடன் வாங்கிச் செலவழித்தால், அது பிள்ளையே போட்ட பணம். சம்பளத்திலிருந்து பிடித்த சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், வருமான வரி எதுவும் ஆதரவில் சேராது. பலர் அவற்றையும் எழுதிவிடுவார்கள்.

கடைசியாகக் கார்.

டிசம்பரில் 9,200 டாலருக்கு ஒரு பழைய செடான் வாங்கியிருந்தான், டைட்டில் (உரிமைப் பத்திரம்) அவன் பெயரில். காரை ஆதரவில் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கு பப்ளிகேஷன் 501 நேரடியாகவே உதாரணம் சொல்கிறது. அப்பா கார் வாங்கித் தன் பெயரில் பதிந்து, பிள்ளையை ஓட்ட விட்டால் காரின் விலை பிள்ளையின் ஆதரவுக் கணக்கில் வராது. ஆனால் 17 வயதுப் பிள்ளை தன் சொந்தப் பணத்தில் 4,500 டாலருக்குக் கார் வாங்கித் தனக்கே வைத்துக்கொண்டால், அந்த 4,500 பிள்ளை தனக்குத்தானே செய்துகொண்ட ஆதரவு. பெற்றோர் செய்த மற்ற செலவு 4,000 மட்டும்தான் என்றால் பிள்ளை பாதியைத் தாண்டிவிட்டான், டிபெண்டன்ட் இல்லை. டீனேஜ் பிள்ளைகளின் கணக்கைப் பெரும்பாலும் கவிழ்ப்பது சம்பளமல்ல, இந்தக் கார்தான் என்பது என் அனுபவம்.

ஆக, மொத்த ஆதரவு 11,100 + 8,100 + 9,200 = 28,400 டாலர். பாதி 14,200.

அன்று மாலை வீட்டார் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து முதல் கணக்கைப் போட்டேன். கார் முழுவதும் மகன் பணம் என்றார்கள்: 9,200. கல்லூரிக் கட்டணமும் அவனே கட்டினான்: 2,600. புத்தகம் 600, பெட்ரோலும் வெளிச்சாப்பாடும் 1,100, துணியில் 400. கூட்டினால் 13,900. பாதிக்கு 300 டாலர்தான் பாக்கி. அவன் அந்த ஆண்டு ஆயிரம் டாலருக்கு ஒரு புதுப் போன் வாங்கியிருந்தால் அவன் பங்கு 14,900 ஆகும், மொத்தம் 29,400 ஆகும், பாதியான 14,700ஐத் தாண்டியிருப்பான். அவ்வளவு நெருக்கம்.

இத்தனை நெருக்கமாக இருக்கும் கணக்கில் 'ஞாபகத்தில் இருந்து சொல்கிறேன்' என்பதை நான் ஏற்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போடுகிறவர்கள், டிபெண்டன்டை வைத்து எடுக்கும் கிரெடிட்டுகளுக்கு (கட்ட வேண்டிய வரியிலிருந்து நேரடியாகக் கழியும் சலுகைகள்) 8867 என்ற படிவத்தில் தாங்கள் விசாரித்ததைப் பதிவு செய்ய வேண்டும். விசாரிக்காமல் போட்டால் எங்களுக்கே அபராதம். காகிதங்களைக் கேட்டேன்.

அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். கார் விற்ற டீலரின் ரசீதில் பணம் வந்தது இரண்டு வரியாக இருந்தது. மகன் கணக்கிலிருந்து எடுத்த வங்கிக் காசோலை 6,700. அதன் கீழே, அப்பாவின் கிரெடிட் கார்டு 2,500. "ஆமாமா, குறைஞ்சதை நான் தேய்ச்சேன்" என்றார் அப்பா. வீட்டில் எல்லோர் வாயிலும் அது 'மகன் வாங்கிய கார்' ஆகிவிட்டதால் அந்த 2,500 மறந்தே போயிருந்தது.

கல்லூரிக் கட்டணமும் அப்படித்தான். ஆகஸ்ட் கடைசியில் கட்ட வேண்டிய தேதி வந்தபோது அப்பா சென்னையில் இருந்தார். மகன் தன் டெபிட் கார்டில் கட்டிவிட்டான். திரும்பி வந்ததும் அப்பா ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் 2,600ஐயும் அவன் கணக்குக்கு அனுப்பியிருந்தார், குறிப்பில் 'காலேஜ் ஃபீஸ்' என்று எழுதி. அந்தக் குறிப்பை எழுதியதற்காகவே அவரைப் பாராட்டினேன். கடனாக முன்பணம் போட்டவன் மகன், செலவு அப்பாவுடையது.

இரண்டாம் கணக்கு: மகனின் பங்கு 6,700 + 600 + 1,100 + 400 = 8,800. மொத்தத்தில் சுமார் 31 சதவீதம். இனி சந்தேகமில்லை, அவன் 2023க்குப் பெற்றோரின் டிபெண்டன்ட். ரசீது, ஸெல் பதிவு, வாடகை ஒப்பந்தம், நிரப்பிய பணித்தாள் நான்கையும் ஒரே கோப்பில் வைக்கச் சொன்னேன்.

இங்கேதான் மகன் கேட்டான்: "சரி அங்கிள், நான் டிபெண்டன்ட்தான். ஆனா அப்பா என்னைக் காட்டாம விட்டுட்டா, நான் போட்டது சரியாயிடும்தானே?"

சரியாகாது. படிவம் கேட்பது 'உங்களை யாராவது காட்டினார்களா' என்றல்ல, 'காட்ட முடியுமா' என்று. முடியும் என்றால், அப்பா காட்டினாலும் காட்டாவிட்டாலும் மகன் அந்தப் பெட்டியில் டிக் போட்டே ஆக வேண்டும். குடும்பத்துக்குள் பேசி விட்டுக்கொடுக்கிற விஷயம் இல்லை இது.

அதைவிட வேடிக்கை, டிக் போடாததால் அவனுக்குக் கிடைத்த லாபம் பூஜ்யம். 2023இல் தனி ஆளுக்கான நிலையான கழிவு (வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) 13,850 டாலர். டிபெண்டன்டாக இருப்பவருக்கு அது 1,250 டாலர், அல்லது உழைத்துச் சம்பாதித்ததோடு 400, இரண்டில் எது அதிகமோ அது. உச்சவரம்பு அதே 13,850. அவன் சம்பளம் 11,400. டிபெண்டன்ட் என்றாலும் கழிவு 11,800. இரண்டு வழியிலும் வருமான வரி கிடையாது, பிடித்த 412ம் இரண்டு வழியிலும் திரும்ப வந்திருக்கும். வெறும் பீட்சா கடைச் சம்பளம் உள்ள பிள்ளை 'நான் தனி ஆள்' என்று சொல்வதால் ஒரு டாலர்கூடக் கூடுதலாக வாங்குவதில்லை.

பெற்றோர் பக்கம் இழக்கவிருந்தது எவ்வளவு என்று பாருங்கள். கூட்டு வருமானம் 138,000. கழிவு 27,700 போக வரிக்குரியது 110,300, வரி 14,881. மகளுக்குச் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் 2,000. மகனுக்கு அது கிடையாது, ஆண்டு முடிவில் 17க்குக் கீழ் இருக்க வேண்டும். அவனுக்கு 'மற்ற டிபெண்டன்ட்' கிரெடிட் 500 மட்டும். இத்துடன் நின்றிருந்தால் "ஐநூறுக்கா இவ்வளவு பாடு" என்று அப்பா விட்டிருப்பார், அப்படித்தான் முதலில் சொன்னார். 2017 வரை ஒவ்வொரு டிபெண்டன்டுக்கும் 4,050 டாலர் விலக்கு இருந்தது. 2018இலிருந்து அது பூஜ்யம் ஆனதால் வளர்ந்த பிள்ளையைக் காட்டுவதில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது.

அவர்கள் கவனிக்காதது கல்லூரிக் கிரெடிட். அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட்டில் முதல் 2,000 டாலர் செலவு முழுமையாகவும், அடுத்த 2,000இல் கால் பங்கும் கிடைக்கும். கட்டணம் 2,600, கட்டாயப் பாடப்புத்தகம் 600, ஆக 3,200. கிரெடிட் 2,300 டாலர். மாணவனை யார் டிபெண்டன்டாகக் காட்டுகிறார்களோ அவர்கள்தான் இதை எடுக்க முடியும். புத்தகத்துக்கு மகன் கொடுத்த பணமும் பெற்றோர் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். கூட்டு வருமானம் 160,000ஐத் தாண்டினால் குறைய ஆரம்பித்து 180,000இல் மறைந்துவிடும். இவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

ஐநூறும் இந்த 2,300ம் சேர்ந்து, மகனால் கிடைப்பது மொத்தம் 2,800. பெற்றோர் சம்பளத்தில் பிடித்தது 12,900. மகனைக் காட்டினால் ரீஃபண்ட் 2,819 டாலர். காட்டாவிட்டால் 19.

அப்பா அந்தப் பத்தொன்பதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

வருமானம் 180,000ஐத் தாண்டிய வீடுகளுக்கு இங்கே ஒரு சிறு வழி உண்டு. பெற்றோருக்கு எப்படியும் கல்லூரிக் கிரெடிட் கிடைக்காது என்றால், பிள்ளையைக் காட்டாமல் 500ஐ விட்டுக்கொடுத்து, பிள்ளை தன் வரிக்கு எதிராக அந்தக் கிரெடிட்டை எடுக்கலாம். கல்லூரிக் கிரெடிட்டுக்கு மட்டும் 'காட்டினார்களா' என்பதே விதி. பிள்ளை அப்போதும் 'காட்ட முடியும்' பெட்டியில் டிக் போட வேண்டும். பிள்ளைக்கு உண்மையிலேயே வரி இருந்தால்தான் இதில் அர்த்தம். பெரிய இன்டர்ன்ஷிப் சம்பளம் வாங்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொருந்தும், பீட்சா கடைக்குப் பொருந்தாது.

திருத்த வேலைக்கு உட்கார்ந்தபோது இன்னொன்று வெளிவந்தது. வேறு வருமானம் ஏதாவது உண்டா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "பக்கத்துப் பில்டிங் பசங்களுக்கு மேத்ஸ் சொல்லித் தருவான், அதெல்லாம் சும்மா கைச்செலவுக்கு" என்றார் அம்மா. கைச்செலவு ஆண்டுக்கு 1,050 டாலர். 1099 என்ற வருமான அறிவிப்புப் படிவம் எதுவும் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் சொந்தத் தொழில் வருமானம் நிகரமாக 400ஐத் தொட்டாலே ரிட்டர்ன் கட்டாயம், வயது பார்க்க மாட்டார்கள். வருமான வரி பூஜ்யமாகவே இருந்தாலும் சுயதொழில் வரி உண்டு: 1,050இல் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம், 148 டாலர். பிள்ளைக்கு 412 வந்ததில் 148 திரும்பிப் போக வேண்டும். கொஞ்சம் முகம் சுருங்கியது. சோஷியல் செக்யூரிட்டியில் அவன் பெயரில் அது வரவாகும் என்று சொல்லிப் பார்த்தேன். பதினெட்டு வயதில் அது யாரையும் தேற்றுவதில்லை.

மகனுக்கு 1040-எக்ஸ் திருத்த ரிட்டர்ன் தயாரித்தோம். டிபெண்டன்ட் பெட்டியில் டிக், ட்யூஷன் வருமானத்துக்கு ஷெட்யூல் சி, சுயதொழில் வரிக்கு ஷெட்யூல் எஸ்இ, விளக்கம் எழுதும் இடத்தில் இரண்டே வாக்கியம். கடைசி நாளான ஏப்ரல் 15க்கு முன்பே 148ஐயும் கட்டிவிட்டதால் வட்டியோ அபராதமோ இல்லை. 18 ஆகிவிட்டதால் கையெழுத்து அவனுடையதுதான். அப்பா போட முடியாது.

அப்பாவின் ரிட்டர்னை என்ன செய்வது? மகனின் திருத்தம் போனவுடன் மின்-தாக்கல் கதவு திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திருத்தங்களைப் பரிசீலிக்க ஐ.ஆர்.எஸ். 8 முதல் 12 வாரம், சில வேளை 16 வாரம்கூட எடுக்கும். ஏப்ரல் 15 காத்திருக்காது. அதனால் பழைய முறை: அச்சிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, டபிள்யூ-2 நகல்களை இணைத்து, சர்டிஃபைட் மெயிலில் அனுப்பினோம். தபால் முத்திரைத் தேதி ஏப்ரல் 15க்குள் இருந்தால் உரிய நேரத்தில் தாக்கல் செய்ததாகக் கணக்கு. தபால் ரசீதும் அந்தக் கோப்புக்குள் போனது. காகித ரிட்டர்ன் மெதுவாகத்தான் நகரும். 2,819 டாலர் ஆகஸ்டில் வந்தது.

அடுத்த சீசனிலிருந்து நிலைமை ஓரளவு மாறியது. 2024ஆம் ஆண்டு ரிட்டர்ன்கள் முதல், டிபெண்டன்ட் வேறொருவரின் ரிட்டர்னில் ஏற்கெனவே காட்டப்பட்டிருந்தாலும், இரண்டாவதாகத் தாக்கல் செய்பவர் தன் ஐ.பி. பின் என்ற அடையாளப் பாதுகாப்பு எண்ணைப் போட்டால் மின்-தாக்கலை ஏற்கிறார்கள். அந்த ஆறு இலக்க எண்ணை ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசமாக வாங்கலாம். பிரிந்து வாழும் பெற்றோர் இருவரும் ஒரே பிள்ளையைக் காட்டும் வழக்குகளில் இது பெரிய நிம்மதி.

மாநில வரியில் மட்டும் கதை வேறு. நியூ ஜெர்சியில் பிள்ளை பெற்றோரின் டிபெண்டன்டாக இருந்தாலும் தன் 1,000 டாலர் தனி விலக்கை எடுத்துக்கொள்ளலாம். பெற்றோரும் அவனுக்கான 1,500ஐ எடுக்கலாம். தனி ஆளுக்கு 10,000 டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் மாநில ரிட்டர்ன் கட்டாயம், எனவே மகன் அதையும் போட வேண்டியிருந்தது. ஃபெடரலில் வருமான வரியே இல்லாத பிள்ளைக்கு மாநிலத்தில் கொஞ்சம் வரி வருவதைப் பார்த்து வீட்டார் குழம்பினார்கள். அங்கே ஃபெடரல் மாதிரி நிலையான கழிவு கிடையாது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இன்னொரு பயம் இருந்தது: டிபெண்டன்ட் என்று காட்டினால் கல்லூரி நிதியுதவி குறையுமா? நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்ஸா படிவம் 'சார்ந்த மாணவர்' என்பதைத் தன் சொந்த விதிப்படி முடிவு செய்கிறது. வரி ரிட்டர்னில் யார் யாரைக் காட்டினார்கள் என்பது அதை மாற்றாது.

மாதங்கள் கழித்து மகன் பெயருக்கு ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து சிபி87பி என்ற கடிதம் வந்தது. நீங்கள் உங்களைத் தனி ஆளாகக் காட்டியிருக்கிறீர்கள், வேறொருவரும் உங்களை டிபெண்டன்டாகக் காட்டியிருக்கிறார், சரிபாருங்கள் என்பது அதன் சுருக்கம். வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. இந்தக் கடிதம் தணிக்கை அறிவிப்பு அல்ல. திருத்தம் ஏற்கெனவே போய்விட்டது என்பதால் பதில் எழுத வேண்டியதில்லை. திருத்தத்தின் நகலோடு கடிதத்தைச் சேர்த்துக் கோப்பில் வைத்தார்கள்.

2024ஆம் ஆண்டுக் கணக்குக்கு முன்கூட்டியே உட்கார்ந்தோம். பீட்சா கடையில், எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தில் 'எக்ஸெம்ப்ட்' (விலக்கு) என்று எழுதிவிட்டால் பிடித்தமே இருக்காதே என்று மகன் கேட்டான். எழுத முடியாது: அதற்கு முந்தைய ஆண்டின் மொத்த வரி பூஜ்யமாக இருக்க வேண்டும், இவனுக்கு அந்த வரியில் ட்யூஷன் பணத்தின் 148 உட்கார்ந்திருக்கிறது.

வயதும் நகர்ந்துவிட்டது. 2024 முடிவில் அவனுக்கு 19. இனி முழுநேர மாணவன் என்ற தகுதி இருந்தால்தான் 'குவாலிஃபையிங் சைல்ட்'. ஆண்டில் ஏதாவது ஐந்து மாதங்களில், ஒவ்வொன்றிலும் சில நாளாவது முழுநேர மாணவனாகப் பதிந்திருந்தால் போதும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தகுதி போனால் அவன் 'ரிலேட்டிவ்' வகைக்குத் தள்ளப்படுவான், அங்கே அப்பாவின் நண்பர் சொன்ன வரம்பு, 2024க்கு 5,050 டாலர், உயிரோடு எழுந்து வரும். பீட்சா கடைச் சம்பளத்தோடு அதைத் தாண்டாமல் இருக்க வழியில்லை. இலையுதிர் காலத்தில் பாடங்களைக் குறைத்துக்கொண்டு முழுநேர வேலைக்குப் போகலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். கல்லூரிப் பதிவைப் பார்த்தேன்: ஜனவரி முதல் மே வரை முழுநேரம். ஐந்து மாதம் ஏற்கெனவே ஆகிவிட்டது, 2024க்கு அவன் எதை முடிவு செய்தாலும் வயதுச் சோதனையில் தேறிவிடுவான்.